13 வயதுப் பையனோடு ஜெர்மனிக்கு: பள்ளிச் சேர்க்கையில் நான் பட்டதும் நீங்கள் படவேண்டாததும்

கணவருக்கு ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்து 2022 ஜனவரியில் வந்து இறங்கினோம். மகன் அப்போது சென்னையில் சிபிஎஸ்இ எட்டாம் வகுப்பு. ஐந்து வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்குப் பெரிய கவலை இல்லை, கொஞ்ச நாளில் அது நமக்கே ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து வயதில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் பாடுதான் பாடு. தெரியாத மொழி, நண்பர்களை விட்டுவந்த கோபம், அதற்கு மேல் 'அடுத்து என்ன ஆகப்போகிறாய்' என்ற கேள்வியை நம்மூரை விட மூன்று வருஷம் முன்னாடியே கேட்கிற ஊர் இது. நான் செய்த தப்புகளை வரிசையாக எழுதிவிடுகிறேன், நீங்கள் வேண்டுமானால் புதிதாக வேறு தப்புகள் செய்துகொள்ளலாம்.

ஒரு விஷயம் முதலிலேயே. ஜெர்மனியில் பள்ளிக்கூடம் மத்திய அரசின் கையில் இல்லை, 16 மாநிலங்களும் தனித்தனியாக நடத்துகின்றன. நான் சொல்வது பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்து அனுபவம். பெர்லினோ ஹெஸ்ஸனோ போகிறவர்களுக்கு அடிப்படை இதுதான், பெயர்களும் தேதிகளும் மாறும்.

1. எந்த மாதம் கிளம்புவது

எங்கள் முதல் தப்பு இதுதான். இங்கே எங்கள் மாநிலத்தில் பள்ளி செப்டம்பர் நடுவில் திறந்து ஜூலை கடைசியில் மூடும். நாங்கள் வந்த ஜனவரி, அரையாண்டு முடிகிற நேரம். போன இடமெல்லாம் "இப்போது பாதியில் கஷ்டம்" என்றார்கள். ஜூலை கடைசியில் வந்தால் அது இன்னும் மோசம், ஆறு வார விடுமுறையில் பள்ளி அலுவலகமே பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும், ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

கையில் தேர்வு இருந்தால் ஏப்ரல், மே மாதத்தில் வாருங்கள். நம்மூரில் ஆண்டுத் தேர்வு முடிந்து மார்க் ஷீட் வந்திருக்கும், இங்கே விடுமுறைக்கு முன் இரண்டு மூன்று மாதம் மொழி பழக நேரம் கிடைக்கும், செப்டம்பரில் எல்லோரோடும் சேர்ந்து ஒரு வகுப்பில் உட்காரலாம். வேலை தரும் நிறுவனம் அவசரப்படுத்தினால் ஒருவர் முன்னால் வந்து வீடு பார்க்கட்டும், பிள்ளை ஆண்டை முடித்துவிட்டு வரட்டும்.

அப்புறம், வேலை உறுதியான அன்றைக்கே பிள்ளையை ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, முடியாவிட்டால் இணைய வகுப்பு. ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை தெரியாமல் வரும் பிள்ளைக்கும் முதல் ஆறு மாதத்தில் இருக்கிற வித்தியாசம், அவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாக நிற்கிறார்களா இல்லையா என்பதில் தெரியும். "போனால் தானா வந்துடும்" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள்.

2. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், அசல். கடைசி மூன்று ஆண்டு மார்க் ஷீட். மாற்றுச் சான்றிதழான டிசியை இங்கே யாரும் கேட்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டு வாருங்கள், என்றாவது திரும்பிப் போனால் அங்கே கேட்பார்கள்.

தடுப்பூசி அட்டைதான் இதில் முக்கியம். 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் பள்ளியில் சேர தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். எங்கள் அட்டையில் இரண்டாவது தவணைக்கு நேரே சீல் இருந்தது, தேதி இல்லை. நல்லவேளை, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் பதிவேடு இருந்தது, மாமியார் நேரில் போய் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினார். தேதி, ஊசியின் பெயர், டாக்டர் சீல் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். அட்டையே இல்லையென்றாலும் பயப்பட வேண்டாம், இங்கே டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டலாம், இல்லாவிட்டால் மறுபடி ஊசி போடுவார்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்ததைத்தான் அலுவலகங்கள் ஏற்கும், அது விலை அதிகம். நான் கேட்காமலே ஆர்வக்கோளாறில் 14 பக்கத்தைக் கொடுத்தேன், பக்கத்துக்கு 40 யூரோ, மொத்தம் 560. பள்ளியில் பார்த்தது இரண்டே பக்கம், அதுவும் ஆங்கிலத்தில் இருந்த மார்க் ஷீட்டை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். முதலில் "ஆங்கிலம் போதுமா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வேண்டும் என்று சொன்னதை மட்டும் மொழிபெயருங்கள்.

பெற்றோரில் ஒருவர் இந்தியாவில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். சேர்க்கைப் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்கிற பள்ளிகள் உண்டு.

3. வந்திறங்கியதும்: முகவரிப் பதிவு

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். இதற்கு வீட்டு உரிமையாளர் ஒரு உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தற்காலிகமாக எடுக்கிற அறைகளில் சிலர் அதைத் தர மாட்டார்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் பள்ளி, வங்கி, குழந்தைகள் உதவித்தொகை எதுவுமே நகராது.

பள்ளிக்குப் போவது இங்கே கட்டாயம், வீட்டிலேயே படிக்க வைப்பது சட்டப்படி கிடையாது. "முதல்ல மூணு மாசம் வீட்ல ஜெர்மன் கத்துக்கட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்று திட்டம் போட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொழி தெரியாத பிள்ளைகளுக்கான ஆயத்த வகுப்பு எல்லாப் பள்ளியிலும் இருக்காது. எங்கள் ஊரில் இருந்த இரண்டு மேல்நிலைப் பள்ளியிலும் இல்லை, மகன் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனான். நகராட்சியிடமோ பள்ளிக் கல்வி அலுவலகத்திடமோ எந்தெந்தப் பள்ளியில் அந்த வகுப்பு நடக்கிறது என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கமாக வீடு தேடினால் பனிக்காலத்தில் பிள்ளை உங்களை வாழ்த்தும்.

4. எந்தப் பள்ளி: இங்கேதான் நான் நான்கு மாதத்தை வீணடித்தேன்

இங்கே பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, அதாவது பத்து வயதில், பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லின், பிராண்டன்பூர்க் மாதிரி சில மாநிலங்களில் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. கிம்னாசியும் என்பது அபிடூர் என்கிற பள்ளி இறுதித் தேர்வை எழுதிப் பல்கலைக்கழகம் போகிற வழி. ரியல்ஷூலெ பத்தாம் வகுப்பு வரை. எங்கள் மாநிலத்தில் வேர்க்ரியல்ஷூலெ என்று இன்னொன்று, ஒன்பது அல்லது பத்து வரை, தொழில் பக்கம் சாய்ந்தது. எல்லா நிலைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் கெமைன்ஷாஃப்ட்ஷூலெ இது போக. ஆயத்த வகுப்புக்கும் ஊருக்கொரு பெயர்: எங்களுக்கு ஃபோர்பெரைட்டுங்ஸ்கிளாஸ்ஸெ, பெர்லினில் வில்கொம்மன்ஸ்கிளாஸ்ஸெ, பவேரியாவில் டாய்ச்கிளாஸ்ஸெ.

நம் ஆட்கள் எல்லோரும் கிம்னாசியும் என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொள்வோம். நானும் பிடித்துக்கொண்டேன். மகன் 94 சதவீதம் வாங்கிய பிள்ளை, வேர்க்ரியல்ஷூலெயில் நடக்கிற ஆயத்த வகுப்புக்குப் போகச் சொன்னதும் எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையே வந்தது. மூன்று கிம்னாசியத்துக்கு எழுதினேன், இரண்டு இடத்தில் நேரில் போய்க் கெஞ்சினேன். ஒரு இடத்தில் தலைமையாசிரியர் மரியாதையாகவே சொன்னார்: எட்டாம் வகுப்பில் சேர்த்தால் உங்கள் மகன் ஜெர்மன் கற்கும் அதே நேரத்தில், மற்றவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிற பிரெஞ்சையும் பிடிக்க வேண்டும், அதன் மேல் கணக்கையும் வேதியியலையும் ஜெர்மனிலேயே எழுத வேண்டும். நான் அதைக் காதில் வாங்கவில்லை, மார்க் ஷீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். என் சண்டை முடியட்டும் என்று மகனின் வகுப்பும் தள்ளிப் போனது, மே மாதத்தில்தான் உட்கார்ந்தான்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது யாராவது பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வயதுக்கு மேல் வருகிற பிள்ளைக்கு, முதல் நாள் எந்தப் பள்ளி வாசலில் நுழைகிறது என்பது கடைசியில் எந்த வாசலில் வெளியே வருகிறது என்பதைத் தீர்மானிப்பதில்லை. மகன் ஒன்றேகால் வருஷம் ஆயத்த வகுப்பு, அப்புறம் ரியல்ஷூலெயில் ஒன்பது, பத்து, இப்போது டெக்னிஷெஸ் கிம்னாசியும் என்கிற தொழில்நுட்ப மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று. அங்கே மூன்று வருஷம் படித்து எழுதுவதும் அதே அபிடூர்தான், பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கும் போகலாம். இரண்டாவது அந்நிய மொழியை அங்கே முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பதுதான் தாமதமாக வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வரம்.

அதில் சேர விதி இது (இங்கே மதிப்பெண்ணில் 1 தான் உயர்ந்தது, 6 கடைசி): பத்தாம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, அந்நிய மொழி மூன்றின் சராசரி 3.0 அல்லது அதை விட நல்லதாக இருக்க வேண்டும், மூன்றில் எதிலும் 4-ஐ விட மோசமாகப் போகக் கூடாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் 1. அதாவது பிப்ரவரியில் வருகிற அரையாண்டு மதிப்பெண் பட்டியலை வைத்து விண்ணப்பிக்கிறீர்கள், ஜூலையில் வருவதை வைத்து அல்ல. "பப்ளிக் எக்ஸாம்ல பார்த்துக்கலாம்" என்ற நம்மூர்க் கணக்கு இங்கே செல்லாது.

பிள்ளைக்கு ஏற்கெனவே பி1 அளவு, அதாவது இடைநிலை அளவு, ஜெர்மன் இருந்தால், அல்லது பத்துப் பதினொரு வயதுதான் என்றால், கிம்னாசியத்தை நேராகக் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளி ஒரு வழிதான், ஆனால் பெரும்பாலும் ஆண்டுக்கு 15,000 யூரோவைத் தாண்டும், நிறுவனம் கட்டினால் யோசியுங்கள். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு அது சரி, தங்குகிறவர்களுக்குப் பிள்ளை ஜெர்மன் கற்பதைத் தள்ளிப்போடுகிற செலவு.

எங்கள் அம்மா இன்னும் ஃபோனில் "ரெண்டு வருஷம் வீணாப் போச்சே" என்கிறார். ஆமாம், சென்னையில் இருந்திருந்தால் 2026-இல் பன்னிரண்டு முடித்திருப்பான், இங்கே 2028-இல்தான் அபிடூர். ஒரு வகுப்பைத் திரும்பப் படிப்பது இங்கே சாதாரணம், அவன் வகுப்பிலேயே ஒரு வயது பெரியவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

5. வாய் திறக்காத பிள்ளைக்கு மதிப்பெண் வராது

இங்கே 1 என்றால் முதல்தரம், 6 என்றால் தோல்வி. மகன் கணக்கில் 1 வாங்கினான் என்று சொன்ன அன்று தாத்தா அரை மணி நேரம் பேசவில்லை.

இதை விட முக்கியமானது, மதிப்பெண்ணில் கணிசமான பங்கு, பல பாடங்களில் பாதி வரைக்கும், வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்குப் போகிறது. நம் பிள்ளைகள் கேட்டால்தான் பேசுவார்கள், ஆசிரியரை மறுத்துப் பேசினால் திட்டு விழும் என்று பழகியவர்கள். எழுத்துத் தேர்வில் 2, பேச்சில் 5, மொத்தத்தில் 3.5 என்று வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பாடத்துக்கு ஒரு முறையாவது கை தூக்குவது என்று அவனோடு ஒப்பந்தம் போட்டேன், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று. முதல் வருஷங்களில் ஜெர்மன் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் விட முடியுமா, தேர்வில் அகராதி அனுமதிப்பார்களா, கூடுதல் நேரம் தருவார்களா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு மொழி தெரியாது என்று போகாமல் இருக்காதீர்கள். நான் முதல் மூன்று கூட்டத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஈழத்து அக்கா கூட்டம் முடிந்ததும் தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். எண்பதுகளிலிருந்து இங்கே இருக்கிற குடும்பங்கள் அவை, இந்தப் பள்ளி முறையின் ஒவ்வொரு சந்தும் அவர்களுக்குத் தெரியும். பல ஊர்களில் வார இறுதியில் தமிழாலயம் என்ற பெயரில் தமிழ்ப் பள்ளி நடக்கிறது, பிள்ளைக்குத் தமிழுக்காகவும் உங்களுக்குத் தகவலுக்காகவும் போங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் சமய வகுப்பா என்று ஒரு கேள்வி இருக்கும். கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் இரண்டும் வேண்டாம் என்றால் எத்திக் என்ற நன்னெறி வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். பதினான்கு வயது ஆகிவிட்டால் எங்கள் மாநிலத்தில் பிள்ளையே அதை முடிவு செய்யலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.

6. செலவும் வரவும்

அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, பாடப்புத்தகம் பெரும்பாலும் இரவலாகக் கிடைக்கும், ஆண்டுக் கடைசியில் கிறுக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். காசு போவது மற்றதில்: நோட்டு, கால்குலேட்டர், பஸ் பாஸ், மதியச் சாப்பாடு, வகுப்புச் சுற்றுலா. சுற்றுலா இங்கே பாடத்தின் ஒரு பகுதி மாதிரி, ஐந்து நாள் போய்வர எங்களுக்கு 380 யூரோ ஆனது. தனிப்பயிற்சிக்கு ஒரு கல்லூரி மாணவரை வைத்தோம், மணிக்கு 20 யூரோ.

வரவு: கிண்டர்கெல்ட் என்ற குழந்தைகள் உதவித்தொகை. 2025-இல் மாதம் 255 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 259. பட்டம் படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான ப்ளூ கார்டு அனுமதியில் வந்தவர்களுக்கும் உண்டு. பிள்ளையின் வரி அடையாள எண் முகவரிப் பதிவுக்குப் பின் தபாலில் வரும், வந்ததும் விண்ணப்பியுங்கள். முன்தேதியிட்டுக் கொடுப்பது ஆறு மாதம் வரைதான். நாங்கள் ஒன்பதாவது மாதத்தில் விழித்துக்கொண்டோம், மூன்று மாதப் பணம் போனது போனதுதான்.

7. பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா

முடியாது. விமானக் கட்டணம் குறைவு என்று விடுமுறைக்கு நாலு நாள் முன்னால் கிளம்புவதும் முடியாது. பள்ளி நாளில் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், திருமணம், சாவு மாதிரிக் காரணத்துக்குக் கொடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனால் அபராதம் வரலாம். 2018-இல் பவேரியாவில் விடுமுறைக்கு முந்திய நாட்களில் விமான நிலையத்திலேயே பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைப் போலீஸ் விசாரித்தது பெரிய செய்தியானது. உங்கள் மாநில விடுமுறைப் பட்டியல் பல வருஷத்துக்கு முன்னாலேயே வெளியாகிவிடும், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

8. "என்ன ஆகப்போகிறாய்?"

ஒன்பதாம் வகுப்பில் மகன் ஒரு தாளோடு வந்தான். ஒரு வாரம் ஏதாவது ஒரு இடத்தில் வேலை பழக வேண்டும், இடத்தை அவனே தேட வேண்டும், தன் விவரக் குறிப்பும் விண்ணப்பக் கடிதமும் அவனே எழுத வேண்டும். இதற்குப் பெயர் ப்ராக்டிகும், எல்லாப் பள்ளியிலும் உண்டு, சில இடத்தில் இரண்டு மூன்று வாரம். நான் கணவரின் ஆபீஸில் சேர்த்துவிடலாம் என்றேன். அவன் சைக்கிள் பட்டறை என்றான். வீட்டில் இரண்டு நாள் போர். கடைசியில் பட்டறைக்குத்தான் போனான், எண்ணெய்க் கறையோடு வந்து ஒரு மணி நேரம் கியர் பற்றிப் பேசினான். ஜெர்மனுக்கு அந்த ஒரு வாரம் செய்ததை ஆறு மாதத் தனிப்பயிற்சி செய்யவில்லை. இடத்துக்கு ஐந்தாறு மாதம் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள், நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அவன் கூடப் படித்த பாதிப் பேர் பத்தாம் வகுப்புக்குப் பின் ஔஸ்பில்டுங் போனார்கள். வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, சில நாள் தொழிற்பள்ளி, இரண்டிலிருந்து மூன்றரை வருஷம், சம்பளத்தோடு. 2025-இல் தொடங்கியவர்களுக்கு முதல் வருஷம் சட்டப்படி குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ, பெரிய தொழிற்சாலைகளில் 1,000-ஐத் தாண்டும். ஐடிஐ என்று நாம் மனதுக்குள் தாழ்த்தி நினைப்பதோடு இதை ஒப்பிடாதீர்கள். மைஸ்டர் என்கிற தொழிலின் மேல்நிலைத் தகுதி வரை போனவர் அபிடூர் இல்லாமலே பல்கலைக்கழகத்திலும் சேரலாம். செப்டம்பரில் தொடங்கும் இடங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் ஒரு வருஷம் முன்னாலேயே ஆள் எடுத்துவிடுவார்கள், இதுவும் ஒரு தேதிக் கண்ணி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பிள்ளைகளுக்கென இலவச ஆலோசகர் இருக்கிறார், ஒன்பதாம் வகுப்பிலேயே நேரம் வாங்குங்கள்.

டாக்டர் கனவு உள்ளவர்களுக்கு: ஜெர்மன் அபிடூர் எழுதிய பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், பல்கலைக்கழகச் சேர்க்கையில் உள்ளூர்ப் பிள்ளை மாதிரியே நடத்தப்படும். எங்கள் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் வாங்குகிற பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணமும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் மருத்துவத்துக்கு அபிடூர் பெரும்பாலும் 1.0-ஐ ஒட்டி வேண்டும், மருத்துவத் தகுதித் தேர்வு கட்டாயமில்லை, ஆனால் நன்றாக எழுதினால் கைகொடுக்கும். ஜெர்மன் மொழிப் பாடமும் அந்தச் சராசரியில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

9. பிள்ளைக்கு 16, 17 வயது என்றால்

இது தனிக் கணக்கு. அந்த வயதில் வந்தால் எங்கள் மாநிலத்தில் தொழிற்பள்ளியில் நடக்கிற மொழி வகுப்புக்குத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை "பன்னிரண்டு முடிச்சுட்டு வரட்டும்" என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் பிறந்த தேதியைப் பாருங்கள். குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 18 முடிந்திருக்கக் கூடாது. முடிந்துவிட்டால் மாணவர் விசாதான், அதற்கு நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், 2025 நிலவரப்படி படிப்புக் காலச் செலவுக்கென முடக்கி வைக்கிற வங்கிக் கணக்கில் 11,904 யூரோ என்று தனியாக ஒரு ஓட்டம். நம் பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் வைத்து நேராகப் பல்கலைக்கழகம் போக முடியாது, பொதுவாக ஒரு வருஷ ஆயத்தக் கல்லூரியோ இந்தியாவில் ஒரு வருஷக் கல்லூரிப் படிப்போ வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்கள் பொறியியல் பக்கம் நேராக நுழையலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முன்னால் விண்ணப்பம் கொடுத்தது, அந்தப் பெண் இப்போது இங்கே இருக்கிறாள்.

மகனுக்குப் போன வாரம் பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுப் பட்டியல் வந்தது. ஜெர்மன் 3, கணக்கு 1, புதிதாக ஆரம்பித்த ஸ்பானிஷ் 2. வாய்ப்பேச்சுக்குத் தனியாக என்ன போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்டேன்.